அத்தை கிள்ளாத இடம்

அத்தையின் கைப்பைக்குள் கையை விட்டால் முதலில் ஈரத்துணிதான் தட்டுப்படும். பழைய பெனியனில் கிழித்த துண்டு. அதற்குக் கீழே ஒரு பொலித்தீன் பை. அதற்கும் கீழேதான் சில்லறை, சாவி, சாமி படம் எல்லாம். வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருப்பார். மற்ற ஒன்பதும் ஒட்ட வெட்டியிருக்கும். கண்டியில், கட்டுக்கலைப் பக்கம் எங்கள் லேனில் குடியிருந்தவர்களுக்கு அந்த நகம் எதற்கு என்று தெரியும். செடி கிள்ளுவதற்கு.

அவர் என் சொந்த அத்தை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளைகளும் கிடையாது. ஆனாலும் என்னை “மருமகளே” என்றுதான் கூப்பிடுவார். மகனே இல்லாமல் எப்படி மருமகள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மகன் இருந்திருந்தா ஒன்ன மாதிரி வாயாடியக் கட்டி வைப்பனா? இல்லாததுனாலதான் தைரியமாக் கூப்புடுறேன்” என்றார்.

கண்டியில் செடி கிள்ளாத பெண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மற்றவர்களுக்கு அது கண்டபோது வரும் ஆசை. அத்தைக்கு அது போகிற இடத்தில் எல்லாம் முடித்தாக வேண்டிய காரியம். பூவைப் பறிக்க மாட்டார், காயைத் தொட மாட்டார். ஒரு விரல் நீளக் கொம்பு போதும். செருப்பு வாரை சரிசெய்வது போலக் குனிவார். நிமிரும்போது கைப்பை மூடியிருக்கும். காசு கொடுத்து ஒரு செடி வாங்கி நான் பார்த்ததில்லை. “காசு குடுத்தா அது சாமான். கிள்ளி வச்சாத்தான் அது செடி” என்பார்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் அவருடைய தோட்டம் இருந்தது. பால்மா டின், ஓட்டை வாளி, உடைந்த பேசின் எல்லாவற்றிலும் செடி. ஒன்றைக்கூட அதன் பெயரால் சொல்ல மாட்டார். எங்கே கிள்ளினாரோ அந்த இடம்தான் பெயர். “ஆஸ்பத்திரிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்பார். “பேங்க்ல பூச்சி விழுந்திருச்சு” என்று கவலைப்படுவார். “தெல்தோட்டை இந்த வருசம் பூக்கவே இல்ல” என்று பெருமூச்சு விடுவார். புதிதாக வந்த விருந்தாளிகள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் அவர்கள் முழிக்கட்டுமே என்று.

எங்கள் லேன் முனையில் ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்தபோது அத்தை அந்த வீட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பின்னால் நின்றேன். தோளில் தலை சாய்த்து அழுதுகொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை மட்டும் ஜன்னல் திண்டில் இருந்த பிகோனியாவுக்குப் போய்த் திரும்பியது. வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன்.

“நான் அழுதது பொய்யா?” என்று கேட்டார்.

பொய் இல்லை. வீடு வரும் வரைக்கும் அழுதுகொண்டுதான் வந்தார். அந்தப் பிகோனியாவுக்கு இறந்துபோனவரின் பெயரையே வைத்து, திவசம்தோறும் ஒரு கொத்துப் பூவை அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒருமுறை காவல்காரரிடம் பிடிபட்டார். நல்ல உயரமான சிங்களக்காரர், கையில் தடி வேறு. அத்தை கொஞ்சமும் அசரவில்லை. சுத்தமான சிங்களத்தில், “இது இங்கே ஆயிரம் கொம்பில் ஒன்று. என் வீட்டில் வந்து பாருங்கள், ஒரே பிள்ளை மாதிரி வளரும்” என்று விலாசம் சொன்னார். அந்த மனுஷன் அடுத்த பௌர்ணமி விடுமுறையில், போயா தினத்தில், மனைவியைக் கூட்டிக்கொண்டு உண்மையிலேயே வந்துவிட்டார். தேத்தண்ணீர் குடித்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, போகும்போது மூன்று கொம்பு வாங்கிக்கொண்டு போனார்.

அத்தையின் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல். அடுத்தவன் பொருளில் தூசியைக்கூடத் தொடாதவர். அத்தை ஒரு வேலியோரம் நின்றுவிட்டால் பத்து எட்டு முன்னால் போய், தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதிகம் பேசாத மனுஷன். அவர் சிரித்தால் மீசை மட்டும் அசையும்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தச் சாப்பாட்டுக்கடை எரிந்தது. அதற்குப் பிறகு அவர் யார் யாரையோ பிடித்து சீஷெல்ஸ் நாட்டுக்குப் போனார். அங்கேயும் ஊருக்குள் இல்லை. தலைநகரத்திலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளி ஒரு தீவுக் கூட்டம். குடியிருக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஆமைகளையும் பறவைகளையும் பாதுகாக்கிற ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை. கப்பல் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போகும். கடிதமும் அப்படித்தான் வரும், மூன்று மாதத்துக்கு உரியது ஒரே கட்டாக.

வீட்டில் பேசாத மனுஷன் கடிதத்தில் பேசினார். அத்தைக்குக் கண் சரியில்லை என்று நான்தான் வாசிப்பேன். ‘இங்குள்ள ஆமைகள் நம் வீட்டு அண்டாவைக் கவிழ்த்தது போல இருக்கின்றன. சமையலறை வாசலில் வந்து படுத்துக்கொள்கின்றன. தேங்காயை உடைத்துத் தின்கிற நண்டு ஒன்று இருக்கிறது. பறக்கத் தெரியாத ஒரு பறவை என் செருப்பைக் கொத்துகிறது. ஒரு சிப்பியைக்கூட இங்கிருந்து யாரும் எடுத்துப் போகக் கூடாது. நீ வந்தால் கையைக் கட்டித்தான் உன்னைக் கரையில் இறக்குவார்கள்.’ அந்த இடம் வரும்போது அத்தை நிறுத்தச் சொல்லிச் சிரிப்பார். பிறகு இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார்.

நாலாம் வருஷம் நெஞ்சு வலியில் அவர் அங்கேயே இறந்துபோனார். கப்பல் வர இரண்டு மாதம் இருந்தது. உடலை வைத்திருக்க வசதி இல்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் தந்தி அடித்தார்கள்.

தெல்தோட்டையில் அவருடைய அண்ணன் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், தம்பியை வளர்த்தவர். கருமாதி செய்ய அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒடம்பு இல்ல, சாம்பல் இல்ல. எத வச்சு காரியம் செய்யிறது? பிடிமண்ணாச்சும் வரணும். மண்ணு வந்தாத்தான் ஆளு வந்த மாதிரி” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பூட்டன் பூட்டிமார் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும்போது ஊர்க்கோயிலில் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். சாமியே அந்த மண்ணோடு வந்தது என்று நம்பித்தான் தோட்டத்துக் கோயில்களைக் கட்டினார்கள். அந்த மண் இல்லாமல் தம்பியின் உயிர் நடுக்கடலில் நிற்கிறது என்று அவர் நினைத்தார். அத்தையும் அப்படித்தான் நினைத்தார். யாரிடமும் எதுவும் கேட்காத ஆள், அந்தத் தீவைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸுக்கு என்னை விட்டு நாலு கடிதம் எழுத வைத்தார். அடுத்த கப்பலில் வந்து பார்க்கலாம், கூட ஓர் ஆளும் வரலாம், செலவு அவர்களுடையது என்று பதில் வந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் கச்சேரியில், மாவட்ட அரசாங்க ஆபீஸில், கிளார்க். ஆபீஸ் பேனாவைத் தவறுதலாகக் கொண்டு வந்தால்கூட மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திருப்பி வைக்கிறவள். கச்சேரியில் என்னைக் கேலி செய்ய அது ஒன்று போதும்.

சீஷெல்ஸ் துறைமுகத்தில் கப்பலேறும் முன் எங்கள் பையைச் சோதித்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஓர் இளம்பெண், அந்தத் தீவின் காவல் அதிகாரி. சிரித்த முகம். செருப்பின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். என் பாவாடை மடிப்பைக்கூட விட்டு வைக்கவில்லை. பிறகு அத்தையின் பையை மேசையில் கொட்டினாள். படையலுக்கென்று கட்டியவை எல்லாம் வரிசையாக வந்தன. எள்ளு, பச்சரிசி, நெல்லு, துளசி விதை, பாக்கு, தேங்காய், மஞ்சள் கிழங்கு, வேரோடு ஒரு மல்லிகைக் கன்று.

“இதில் முளைக்காதது ஏதாவது இருக்கிறதா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பச்சரிசியும் கற்பூரமும் மட்டும்தான். வெளியிலிருந்து ஒரு விதை போய் முளைத்தால் அங்குள்ள செடிகளுக்கு ஆபத்து என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அத்தை மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். எள்ளு இல்லாமல் எப்படி என்று முணுமுணுத்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

“வறுத்த எள்ளு மொளைக்காதுல்ல? கேளு.”

கேட்டேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, சரி என்றாள். கப்பல் சமையலறையில் எள்ளைக் கருக வறுத்தார் அத்தை. அரிசியையும் அங்கேயே பொங்கி உருண்டை பிடித்துக்கொண்டார். மாலுமிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாவு காரியத்துக்கு எள்ளு வறுத்த முதல் மனுஷி உலகத்தில் எங்கள் அத்தையாகத்தான் இருப்பார்.

தீவு கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் உயரமாக இருந்தது. வெள்ளை மணல், தென்னை, அதற்குப் பின்னால் கால் வைத்தால் கிழிக்கிற கூர்மையான பாறை. புதைகுழிகள் இருக்கும் இடத்துக்கு மணலில் ஓர் ஒற்றையடிப் பாதை போனது. எங்களோடு கப்பலில் வந்திருந்த அந்தப் பெண் முன்னால் நடந்தாள். பாதி வழியில் பாதையை அடைத்துக்கொண்டு ஓர் ஆமை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுதியது சரிதான், அண்டா அளவு.

அந்தப் பெண் பாதையை விட்டு இறங்கிப் பாறை வழியாகச் சுற்றிப் போனாள். எங்களையும் வரச் சொன்னாள். அத்தைக்கு முழங்கால் வலி. பாறையில் ஓரெட்டு வைத்ததும் முகம் சுருங்கியது.

“ஒரு கம்பால தட்டி விட்டா நகராதா? கேளு.”

நான் கேட்டேன். தட்டக் கூடாது, தூக்கி வைக்கவும் கூடாது, அது இருக்கிற இடத்தைவிட்டு அதைக் கிளப்புவது இங்கே குற்றம், நாம்தான் சுற்றிப் போக வேண்டும் என்றாள். மொழிபெயர்த்தேன். அத்தை ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பாறையில் நடந்தார்.

சவுக்கு மரங்களுக்குக் கீழே பழைய சிலுவைகள் ஏழெட்டு. ஓரமாக ஒரு மரப்பலகையில் அவருடைய பெயர், எழுத்துப் பிழையோடு. சுற்றிலும் பவழக்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தை கப்பலில் வாங்கி வந்த தட்டில் சோற்றை வைத்தார், எள்ளைத் தூவினார், கற்பூரம் ஏற்றினார். பிறகு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதார். அவர் அழுது முடியட்டும் என்று நானும் அந்தப் பெண்ணும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

எதையும் எடுக்கக் கூடாது, மணலும் கூடாது என்று கரையில் இறங்கும்போதே எச்சரித்திருந்தார்கள். ஆனால் தெல்தோட்டையில் அந்தக் கிழவர் காத்துக்கொண்டிருக்கிறார். அத்தையை எனக்குத் தெரியாதா? அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தைக் கொடுப்பது என் பொறுப்பு என்று தோன்றியது. அந்தப் பெண்ணைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஆமை எத்தனை வருஷம் வாழும், என்ன தின்னும், கல்யாணம் எப்போது செய்யும் என்றெல்லாம் கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தையின் வலது கை மணலை அள்ளியது, இறுக மூடியது. அப்படியே இருந்தது. பிறகு மெல்லத் திறந்தது. மணல் முழுவதும் கீழே விழுந்தது. உள்ளங்கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வேறு ஊர், வேறு சட்டம், காக்கிச் சட்டை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு முன்னால் நடந்தபோது நான் பின்தங்கினேன். செருப்பு வாரை சரிசெய்வது போலக் குனிந்தேன். கால்மாட்டில் ஒரு பிடி மணலை எடுத்து, என் கைப்பையில் காலியாக இருந்த தைல டப்பாவில் போட்டு மூடினேன். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. படகில் ஏறும்போது அந்தப் பெண் பைகளைப் பார்த்தாள். டப்பாவைக் கையில் எடுத்து, தலைவலித் தைலத்தின் வாசனைக்கு மூக்கைச் சுளித்துத் திருப்பி வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வியர்த்தது போல அதற்கு முன்னும் பின்னும் வியர்த்ததில்லை.

கப்பலில், ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லி அத்தையைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று இருந்தேன்.

“மண்ணு எடுக்கலையா அத்த?” என்று பேச்சைத் தொடங்கினேன்.

“எடுக்கல. விடு” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டப்பா என் பையிலேயே கண்டிக்கு வந்தது.

வந்த மூன்றாம் நாள் தெல்தோட்டைக்குப் போனோம். முற்றத்தில் பந்தல். புதுப்பானை, வாழையிலை, காரியம் செய்யும் பண்டாரம் எல்லாம் தயார். கிழவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“மண்ண குடு புள்ள.”

“கொண்டு வரல மச்சான்.”

“விடலையா அவனுங்க?”

“விடல. விட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். படத்த வச்சு செஞ்சிருங்க.”

கிழவரின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. “ஊரு ஒலகமெல்லாம் கிள்ளிக்கிட்டுத் திரிஞ்ச கை. என் தம்பிக்கு ஒரு பிடி மண்ணு அள்ள மட்டும் வரலையா?” என்றவர், பேசி முடிக்காமல் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். பெண்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் டப்பாவைக் கொடுத்தேன்.

அத்தை மூடியைத் திறந்து பார்த்தார்.

“எங்க எடுத்த?”

“கால்மாட்டுல. நீங்க முன்னால போனப்ப.”

கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு விரலை மணலில் வைத்தார். எடுத்தார். விரலைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்ததை டப்பாவுக்குள்ளேயே உதறி, மூடியை இறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். வெளியே வந்து கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

“மன்னிச்சிருங்க மச்சான். வெறுங்கையோடதான் வந்திருக்கேன்.”

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அத்தை மிதிக்கவும் இல்லை.

கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம். பயந்து பயந்து திருடியது நான்.

“குடுத்திருக்கலாமே அத்த. பாவம் அந்த மனுசன், எப்பிடி அழுதாரு.”

“பிடிமண் எடுத்தா ஆளும் கூடவே கெளம்பி வந்துரும். அதுதானே கணக்கு?”

“வரட்டுமே. அதுக்குத்தானே போனோம்.”

“அதுக்குத்தான் போனேன். எனக்கு ஆச இல்லன்னு நெனைக்கிறியா? எத்தன செடி வச்சிருக்கேன், இவர வைக்க ஒரு டின் இல்லாமலா போச்சு?” அத்தை மடியிலிருந்த முடிச்சை இறுக்கினார். பிறகு மீதியையும் சொன்னார். “அவரு பொறந்தது ஒரு தோட்டம். எட்டு வயசுல அங்கருந்து கெளப்பி இன்னொரு தோட்டத்துல விட்டாங்க. ஆத்தா அப்பன ரெண்டு நாட்டு ஒப்பந்தம்னு சொல்லி இந்தியாவுக்கு ஏத்துனாங்க. டவுனுக்கு வந்தாரு, கடைய எரிச்சு வெரட்டுனாங்க. ஒரு எடத்துல நிம்மதியா இருக்க விட்டாங்களா அந்த மனுசன? அங்க ஒரு ஆமையக்கூடக் கெளப்பக் கூடாதாம், குத்தமாம். சுத்திப் போறாங்க. அப்பேர்ப்பட்ட எடத்துலருந்து நானே போய் அவரக் கெளப்பிக்கிட்டு வரவா?”

அத்தைக்குத் தெரியாமல் நான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். “நீ என்ன செய்வ, எனக்காகத்தானே எடுத்த” என்று என் முழங்காலைத் தட்டினார்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பெரிய தபால் கந்தோருக்கு நடந்தார். பக்கத்துக் கடையில் துணி வாங்கி, டப்பாவைச் சுற்றி அங்கேயே நின்று தைத்தார். அந்தக் காவல்காரப் பெண்ணுக்கு என்னை ஒரு துண்டுக் கடிதம் எழுதச் சொன்னார். தவறு நடந்துவிட்டது, எடுத்த இடம் பலகைக்கு எதிர்ப்பக்கம், தயவுசெய்து அதே இடத்தில் போடவும் என்று எழுதினேன். என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். கச்சேரிக்காரி வாழ்க்கையில் எழுதிய ஒரே குற்ற ஒப்புதல் அதுதான்.

கவுண்டரில் ஓர் இளைஞர். பார்சலைத் தராசில் வைத்துவிட்டு, வெளிநாட்டுக்குப் போகும் படிவத்தை இழுத்துக்கொண்டு, உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அத்தைக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். ஆனால் தமிழில்தான் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரரு.”

இளைஞர் விளங்காமல் என்னைப் பார்த்தார். மணல் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். பார்சலைப் பின்னாலிருந்த தபால் மூட்டைக்குள் எறியக் கையை ஓங்கியபோது அத்தை கம்பி வலைக்குள் கையை நீட்டிவிட்டார்.

“பாத்து வைக்கச் சொல்லு மருமகளே.”

அதையும் சிங்களத்தில் சொன்னேன்.